பத்து நிமிடத் தேநீர் இடைவேளை

9 ஜனவரி

என் எலிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். நீ கேட்டதற்கு முதலில் பதில்.

அன்றைக்கு அந்த விசாரணை அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். விசாரிக்க வந்த கண்ணாடிக்காரர். அவருக்கு இடப்பக்கம் ஹேங்கர் மேலாளர், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு. அடுத்து டைப் அடிக்கும் பெண், நகச்சாயம் பாதி உரிந்திருந்தது. சுவரோரம் ஸ்டோர்க்காரன். ஜன்னலருகே அந்த விமானத்தை ஓட்டிவந்த விமானி. எதிரே இரண்டு நாற்காலிகளில் உன் அப்பாவும் உன் சித்தப்பாவும். எட்டாவது ஆள் நான், தேநீர்த் தட்டோடு. விமானம் பழுதுபார்க்கும் அந்த ஹேங்கரில் தரை கூட்டுவதுதான் என் வேலை. அன்றைக்கு டீ ஆள் லீவு, அதுவும் என் தலையில் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் என் வயிற்றில் பிறந்தவர்கள் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்கள் வாத்தியார் வகுப்பில் கொடுத்த விபத்து விசாரணைத் தாள் நம் வீட்டுக் கதைதான். நீ நினைத்தது சரி. மெக்கானிக் ‘அ’ என்று போட்டிருப்பது உன் அப்பாவை. வேலை சரி என்று கையெழுத்துப் போட்ட ‘ஆ’ உன் சித்தப்பா. நடந்து பதினாலு வருஷம். அப்போது உனக்கு ஒன்பது வயது.

நடந்தது இவ்வளவுதான். வாலில் இருக்கும் ஒரு தண்டில் உன் அப்பா நட்டை முடுக்கினான். நட்டு கழன்று வராமல் இருக்கக் குறுக்கே ஒரு ஸ்பிலிட் பின் செருக வேண்டும். அந்த அளவுப் பின் ஸ்டோரில் இல்லை. “நாளைக்கு வா”ன்னு சொல்லிவிட்டு ஸ்டோர்க்காரன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலையில் விமானம் கிளம்பிவிட்டது. மேலே நட்டு கழன்று வால் உதறியதில் ஒரு பணிப்பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆகவே குற்றம் யாருடையது என்று உன் வாத்தியார் கேட்டால், ஸ்டோர்க்காரனுடையது என்று எழுது. அவனை நான் இன்றுவரை மறக்கவில்லை.

போனில் பேசலாமே என்கிறாய். போனில் உன் குரல் தகர டப்பாவுக்குள் கல் போட்ட மாதிரி இருக்கிறது. எழுதியே அனுப்பு. நான் நடமாட்டமாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி?

உன் பாட்டி


2 பிப்ரவரி

அன்புள்ள பாட்டிக்கு,

இங்கே சுகம். அங்கே முழங்கால் எப்படி? தைலம் தீர்ந்துவிட்டதா, தேய்க்காமல் வைத்திருக்கிறீர்களா?

முதுகுவலி அப்படியேதான். இந்த வாரம் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டியில் என்னை இறக்கினார்கள். தோள் நுழைகிற அளவுதான் ஓட்டை. “நம்ம எலி இருக்க, கவலை எதுக்கு?” என்று எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் வைத்த பேர் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. யார் சொன்னது என்று தெரியவில்லை, சித்தப்பாவாகத்தான் இருக்கும். பதின்மூன்று பேப்பரில் பதினொன்று முடித்துவிட்டேன். பதிவேட்டில் இருபது மாத வேலை ஏறிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: என்ன செய்தேன், எந்த விமானத்தில், எந்தத் தேதியில். கடைசியில் சித்தப்பாவின் கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும். இன்னும் நாலு மாதம் ஓட்டினால் லைசென்ஸுக்கு எழுதிப்போடலாம்.

பாட்டி, அந்தத் தாளை மறுபடி படித்தேன். ஸ்டோரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. முக்கியமானது வேறு. மெக்கானிக் ‘அ’ முதலில், “பின் இல்லை, நாளைதான் போட முடியும் என்று ‘ஆ’விடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்” என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு “தேநீர் இடைவேளை, பத்து நிமிடம்” என்று இருக்கிறது. இடைவேளை முடிந்து வந்ததும், “பின் போட்டுவிட்டேன் என்றுதான் சொன்னேன், நான் சொன்னது பொய்” என்று மாற்றியிருக்கிறார்.

வாத்தியார் கரும்பலகையில் ‘நேர்மையின்மை’ என்று எழுதினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவன், “இவன மாதிரி ஆளாலதான் நம்ம மேல யாருக்கும் நம்பிக்கை வர்றதில்ல” என்றான். அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. ஊசி போட்டால் வலிக்குமா என்று கேட்டால்கூட “வலிக்கும்” என்று சொல்கிற ஆள்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது?

உங்கள் எலி


20 பிப்ரவரி

என் எலிக்கு,

தைலம் இருக்கிறது. தேய்க்கத்தான் குனிய முடியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தொட்டிக்குள் இறங்கும் முன் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கு. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

இங்கே மோட்டார் பழுதாகி மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. கீழ்வீட்டுத் தையல்காரி தன் குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன் நான் கேட்டபோது “எங்களுக்கே பத்தல”ன்னு சொன்ன வாய் அது.

பத்து நிமிடத்தில் என்ன நடக்கும்? தேநீர் குடித்தார்கள். கண்ணாடிக்காரர் சர்க்கரை இல்லாமல், இரண்டு மடக்கில். மேலாளர் அடிக்கொரு தரம் ஊதி ஊதி. டைப் பெண் பாதியை வைத்துவிட்டாள், கப்பின் விளிம்பில் உதட்டுச் சாயம், அதைத் தேய்த்தது நான்தான். விமானி ஜன்னலில் வைத்து ஆறவிட்டு, குடிக்காமலே விட்டார். ஸ்டோர்க்காரன் இரண்டு கப் குடித்தான், வெட்கம் கெட்டவன். உன் சித்தப்பா வராந்தாவில் நின்று குடித்தான். அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை.

பழசைக் கிளறாமல் மீதி இரண்டு பேப்பரை முடி.

பாட்டி


11 மார்ச்

அன்புள்ள பாட்டிக்கு,

நான் சுகம். உங்கள் வீட்டில் தண்ணீர் வந்ததா? தையல்காரி அக்காவோடு சண்டை வேண்டாம். அவசரத்துக்கு மாடிப்படி ஏறி வருகிற ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் ஹேங்கரில் ஒரு கருவிப் பலகை இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்திலேயே கறுப்பாக ஒரு இடம் வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வர வேண்டும். ஒரு இடம் காலியாக இருந்தாலும் விமானம் நகராது. போன வாரம் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவருக்காக இருபது பேர் நாலு மணி நேரம் தேடினோம். கடைசியில் என் காலுறைக்குள் இருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குப் பேர் திருட்டு எலி.

உங்கள் கடிதத்தை அந்தப் பலகை மாதிரி வைத்துப் பார்த்தேன். அறையில் எட்டுப் பேர். நீங்கள் கப் கொடுத்தது ஆறு பேருக்கு. நீங்கள் குடித்திருக்க மாட்டீர்கள், வேலை நேரத்தில் குடிக்கிற பழக்கம் உங்களுக்குக் கிடையாது. டைப் பெண்ணின் உதட்டுச் சாயம் வரை நினைவிருக்கிற உங்களுக்கு ஒரு ஆளை மட்டும் காணவில்லை.

அப்பா எங்கே நின்று குடித்தார், பாட்டி?

உங்கள் எலி


30 ஏப்ரல்

அன்புள்ள பாட்டிக்கு,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. பயந்துபோய் தையல்காரி அக்காவுக்குப் போன் செய்தேன். “உங்க பாட்டிக்கு ஒண்ணுமில்ல, இப்பதான் கேஸ் சிலிண்டர்காரன்கிட்ட தொண்ட கிழியக் கத்திட்டு உள்ள போனாங்க” என்றார். நிம்மதியாக இருந்தது.

நான் ஏன் விடாமல் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். படிப்பு முடியும்போது எல்லாரும் இந்த விபத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். அது தேர்வு வாரியத்துக்குப் போகும். அடியில் கையெழுத்துப் போட வேண்டும். மெக்கானிக் ‘அ’ பொய்யன் என்று எழுதி நான் என் பேரைப் போட வேண்டும், பாட்டி.

உண்மை வேறு என்றால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது சித்தப்பா என்று ஆகும். அவர் லைசென்ஸ் போகும். அவர் கையெழுத்துச் செல்லாது என்றால் என் பதிவேட்டில் ஒரு பக்கமும் செல்லாது. இருபத்திரண்டு மாதமும் போய், வேறு ஒருவரிடம் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதெல்லாம் யோசித்துத் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

நான் அந்த அறையில் இல்லை. பார்க்காததை நான் எழுதக்கூடாது, முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான். பார்த்தவர்களில் எனக்குச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர். நீங்கள் எழுதித் தந்தால் அதை வாரியத்துக்கு அனுப்புவேன். தராவிட்டால் தாளில் உள்ளபடியே எழுதிவிடுவேன். அதற்குப் பிறகு கேட்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலி


19 மே

எலிக்கு,

உடம்புக்கு என்ன, இருக்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை, அது வேறு.

தாளில் உள்ளபடியே எழுது. செத்துப்போனவனுக்கு நல்ல பேர் எதற்கு? ஹேங்கர் வேலை போனபின் சேர்ந்த லேத் பட்டறையில், பத்து வருஷத்துக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனை உன் கட்டுரை எழுப்பிவிடுமா? சின்னவன் ஒருத்தன்தான் மிச்சம். அவனோடு நான் பேசுவதில்லை, உனக்குத் தெரியும். பேசாவிட்டாலும் பிள்ளை பிள்ளைதான். நீ ஒருத்தி. இரண்டு பேரையும் ஒரே தாளில் தொலைக்க என்னால் முடியாது.

சின்னவன் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான் என்று பெரிசாக எழுதுகிறாய். ஏன் பார்க்கவில்லை என்று உனக்குத் தெரியுமா? அவன் லைசென்ஸ் வாங்கிய புதிதில் ஒரு நாள், உன் அப்பா செய்த வேலையை டார்ச் அடித்து, கண்ணாடி வைத்து, நட்டு நட்டாகப் பார்த்தான். நான் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள். அண்ணன்காரன் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிற்கிறான். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “உனக்கு நட்டு போல்ட்னு சொல்லிக்கொடுத்ததே அவன்டா. அவன் லைசென்ஸ் பரீட்சையில இங்கிலீஷ் பேப்பர்ல நாலு தடவ பெயிலானா நீ பெரிய ஆளா? அவன் வேலைய நீ டார்ச் அடிச்சுப் பாப்பியா?” என்று கேட்டேன். பெரியவன், “விடும்மா, அது அவன் வேல”ன்னான். நான் விடவில்லை. அன்றையோடு சின்னவன் அண்ணன் வேலைமேல் டார்ச் அடிப்பதை விட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

இதையும் வாரியத்துக்கு எழுதப் போகிறாயா?

பாட்டி


7 ஜூன்

அம்மாவுக்கு,

சின்னவன் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி என்று எலியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். எனக்குக் கொஞ்சம் ரத்த அழுத்தம், மாத்திரை சாப்பிடுகிறேன். மற்றபடி குறை இல்லை.

அண்ணன் போன அன்று வாசல்படி தாண்டாதே என்று சொன்னாய். பத்து வருஷம் தாண்டவில்லை. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். நேற்று ஹேங்கரில் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எலி என்னைக் கேட்டாள். “சித்தப்பா, அன்னைக்கு நீங்க பாத்தீங்களா, பாக்கலையா?” சுற்றிலும் ஆட்கள். குரலைக்கூட ஏற்றவில்லை. அப்படியே அண்ணன். நான் டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பார்க்கவில்லை அம்மா. பின் வரவில்லை என்று அண்ணன் சொன்னான், வேலைத் தாளில் எழுதவில்லை. தம்பிதானே என்று விட்டுவிட்டான். அவன் எந்த வேலையையும் அரைகுறையாக விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. எங்காவது தேடிப் பிடித்துப் போட்டிருப்பான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த இடைவேளையில் நான் வராந்தாவில்தான் நின்றேன். கதவு சாத்தியிருக்கவில்லை. நீ அவனிடம் சொன்னது முழுக்க எனக்குக் கேட்டது. உள்ளே வந்து “வேண்டாம்” என்று சொல்ல நாலு எட்டு. நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு நட்டைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

எலி கேட்டதற்கு என்ன பதில் சொல்லட்டும்? நீ சொல் என்றால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

சின்னவன்


24 ஜூன்

எலிக்கு,

உன் சித்தப்பா எழுதியிருந்தான். ‘நீ சொல்கிறபடி செய்கிறேன்’ என்று கடைசி வரி. நாற்பத்தெட்டு வயது ஆள். அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதே வரியை நான் முன்னே கேட்டிருக்கிறேன்.

இனி நான் எழுதுவதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

விசாரணை அறைக்குப் பக்கத்தில் தேநீர் போடும் சின்ன அறை. ஒரு மேடை, ஒரு குழாய், ஒரு அடுப்பு. இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். உன் அப்பா பின்னாலேயே வந்தான். கை கழுவக் குழாயைத் திறந்தான். நான் அவனுக்குக் கப்பை நீட்டவில்லை. முதலில் பேசினேன்.

“நீ சொன்னதுனால அவன் லைசென்ஸ் போயிடும்டா.”

“நடந்ததத்தானம்மா சொன்னேன்.”

“உனக்கு லைசென்ஸ் கெடையாது. உன்கிட்ட பிடுங்க ஒண்ணுமில்ல. அவன்கிட்ட இருக்கு. நம்ம குடும்பத்துலயே அவன் ஒருத்தன்கிட்டதான் இருக்கு. அந்தப் பின்ன போட்டுட்டேன்னு சொன்னேன்னு சொல்லிடு.”

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்ப நான் பொய் சொன்னவனாயிடுவேனேம்மா.”

“ஆனா என்ன? தரை கூட்டுறவ மகன் தரை கூட்டுறவனா போனாப் போறான்.”

இதைச் சொன்ன வாய் இதுதான். அன்றைக்கு எனக்கு அது நியாயமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் அந்தத் தரையில் வாஷரும் கம்பித்துண்டும் பொறுக்கினேன். அந்தத் தரையில் நின்று ஒரு பிள்ளை கையெழுத்துப் போடுகிறான், அவன் போட்டால்தான் விமானம் பறக்கும். அந்தக் கையெழுத்தை விட எனக்கு மனசில்லை. கையில் வேலை தெரிந்த பிள்ளையா, காகிதத்தில் எண் இருக்கிற பிள்ளையா என்று வந்தபோது எண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் ஒன்று மட்டும் கேட்டான். “பாப்பா பெரிசானா கேப்பாளேம்மா?”

“அவளுக்கு எப்படித் தெரியும்”ன்னேன்.

“சரிம்மா, நீ சொல்றபடி செய்றேன்”ன்னான். பிறகுதான் கப்பைக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான். சர்க்கரை போட மறந்திருந்தேன், அதையும் சொல்லவில்லை. கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனான். உன் கணக்கில் விட்டுப்போன கப் அதுதான்.

இது நான் பார்த்தது, நான் செய்தது. யார் சொல்லியும் எழுதவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், என் கையெழுத்துக்கு எண் எதுவும் கிடையாது. இருந்தாலும் போடுகிறேன். சித்தப்பாவுக்கு நான் பதில் எழுதவில்லை. அவன் என்ன சொல்ல வேண்டும் என்று இந்தத் தடவை நான் சொல்லப்போவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பாவைப் பெற்றவள்


30 ஆகஸ்ட்

அன்புள்ள பாட்டிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

உங்கள் கடிதத்தைக் கட்டுரையோடு சேர்த்து அனுப்பினேன். மூன்றாவது வாரம் சித்தப்பாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் சித்தப்பா சொல்லிவிட்டார். “நான் பாக்கல. என் அண்ணன் முதல்ல சொன்னதுதான் உண்மை.” எழுதி வைத்துக்கொண்டு வந்த மாதிரி இல்லை, மூச்சை அடக்கி வைத்திருந்து விட்ட மாதிரி இருந்தது. வெளியே வந்ததும், “பசிக்குது எலி, எதாவது சாப்பிடலாமா?” என்றார்.

அவர் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. இப்போது கருவி அறையில் இருக்கிறார். டோக்கனை வாங்கிக்கொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறார். அவரிடம் படித்தவர்களே வந்து வரிசையில் நிற்கிறார்கள். சிலர் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் பதிவேடு திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. நூற்று முப்பத்திரண்டு பக்கம். தொட்டிக்குள் இறங்கிய நாளும் அதில்தான் இருக்கிறது. எழுதிய பேப்பர்கள் செல்லும், செய்த வேலை செல்லாது. புதுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். வேறு ஒரு பொறியாளரிடம் போட்டிருக்கிறார்கள், நல்லவர், பேச மாட்டார். இன்னும் இரண்டு வருஷம். முதல் வரி நேற்று ஏறியது: டயரில் காற்று பார்த்தது.

அழுதேன், பாட்டி. பொய் சொல்லவில்லை. விடுதிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அப்பாவுக்காகவா எனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

திருத்திய தாளை இதோடு வைத்திருக்கிறேன். இனி வகுப்பில் இதைத்தான் கொடுப்பார்கள்.

உங்கள் எலி


14 செப்டம்பர்

என் எலிக்கு,

நான் இருக்கிறேன். நீ அழுததை மறைக்காமல் எழுதினாய், அதற்காக நீ நன்றாக இருக்க வேண்டும்.

தாளை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். அரை நாள் ஆயிற்று. ‘மெக்கானிக் அ முதலில் கூறியதே உண்மை என்று ஏற்கப்படுகிறது.’ அந்த வரிக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதும் ‘அ’ தான். பேரைப் போட இவர்களுக்கு மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான். “உள்ள வாடா, நான் என்ன தட்டோட வந்து கூப்பிடணுமா?”ன்னேன். வந்தான். இரண்டு மணி நேரம் இருந்தான். பேசியது பத்து வார்த்தை இருக்கும். தலை முழுக்க நரைத்துப் போயிருக்கிறான். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மன்னிக்கிறது எனக்கு வராத வேலை, உனக்கே தெரியும். இருந்தாலும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஸ்டோர்க்காரனை விட்டுவிட்டேன். பின் வந்தால்தானே அவன் கொடுப்பான், அது அவன் கையிலா இருக்கிறது? சின்னவனை விட்டுவிட்டேன். டார்ச்சை அணைக்கச் சொன்னதே நான். இரண்டு வருஷ உழைப்பை உன்னிடமிருந்து பிடுங்கியது என் நாக்கு. அதை நீ மன்னிப்பாயா என்று கேட்க மாட்டேன், கேட்டால் மன்னித்துவிடுவாய். என் விஷயத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். அதற்கு எனக்கு ராத்திரி பகல் நிறைய இருக்கிறது.

மிச்சம் ஒரு ஆள்.

நான் சொன்னது தப்பு என்று அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். குழாய் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் “முடியாதும்மா” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், கப்பைத் தூக்கிப் போட்டிருப்பேன், ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு பேசியிருப்பேன். அவன் பட்டறையில் நெஞ்சைப் பிடித்திருக்க மாட்டான். நீ பதின்மூன்று வயதில் என் மடியில் வந்து விழுந்திருக்க மாட்டாய். பிறந்ததிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன், அன்றைக்காவது பேசியிருக்கலாம். பேசவில்லை. சரிம்மா என்றுவிட்டுப் போனான். நாலு வருஷம் அந்த ‘சரிம்மா’வைச் சுமந்துகொண்டு என் கண் முன்னாலேயே நடந்தான். ஒரு நாள்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை.

அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். உன் அப்பனை. என் மூத்தவனை.

பாட்டி